வெல்லத்துக்கு வெந்த கோழி

இருபத்தெட்டு வயதில் எனக்குப் பணி ஓய்வு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். நான் சொல்லவில்லை, கேக்கில் எழுதியிருந்தது. ‘இனிய பணி ஓய்வு வாழ்த்துகள் கௌசல்யா.’ எங்கள் டாக்டர் பேக்கரிக்குப் போன் போட்டு, “ஸ்டாஃப் ஒருத்தங்க வேலைய விட்டுப் போறாங்க, ஏதாவது நல்லதா எழுதிக் குடுங்க” என்றிருக்கிறார். பேக்கரிக்காரர் தனக்குத் தெரிந்த நல்லதை எழுதிவிட்டார். கூடவே சால்வை. கேக்கும் சால்வையுமாக நான் நின்ற படத்தைப் பார்த்த என் தோழிகள், “பென்ஷன் எவ்ளோடி வரும்?” என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வில்லியனூரில் நாய், பூனை, கிளி, முயலுக்கான ஒரு சின்ன கிளினிக். விலங்கியல் பட்டத்தை முடித்த கையோடு, மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று உதவியாளராகச் சேர்ந்தேன். இந்தி வகுப்பைப் பாதியில் விட்டவள், டைப்பிங்கைக் கால்வாசியில் விட்டவள், தையல் மிஷினைத் தொட்டதோடு விட்டவள் நான். ‘ரெண்டே மாசம்’ என்று அம்மாவும் பந்தயம் கட்டினாள். ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது பாகூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். என் இடத்துக்கு நித்யா என்கிற பெண் வந்திருக்கிறாள். அவள்தான் போன வாரம் செய்தி அனுப்பினாள்.

“அக்கா, பூனைக்குட்டிக்கு வயிறு போவுதுன்னு டெய்லி நாலு பேர் வராங்க. இன்னா சாப்பாடு குடுக்கறதுன்னு என்னாண்டதான் கேக்கறாங்க. டாக்டர் ‘கௌசல்யாவக் கேளு, அவங்க ரிட்டயர்டு ஆளு, நேரமிருக்கும்’ங்கறாரு. ஒரே பதில் ஒண்ணு அனுப்புங்கக்கா, அப்படியே எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணிடறன்.”

ஒரே பதிலா! நித்யா, அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இரண்டு மாதத்திலேயே கிளம்பியிருப்பேன். பதில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறுகிறதே, அதனால்தான் எனக்கு அலுக்கவே இல்லை. ஆகவே பதிலுக்குப் பதிலாக இந்தக் கட்டுரை. ஃபார்வர்டு பண்ணு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் டாக்டர் புருஷோத்தமனைப் பற்றி. உனக்கு அவர் இப்போது ‘சார்’. எனக்கு முதல் மாதம் அவர் ஒரு புதிர். மேசைமேல் பூனையை வைத்தால், கொண்டுவந்தவரை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பூனையிடம்தான் பேச்சு. “வாங்க. எந்த ஊரு? பயமா இருக்கா? இருக்கட்டும், எனக்கும்தான்.” ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் மார்பில் வைப்பார். பிறகு பிடரித் தோலை மெல்லத் தூக்கி விடுவார். தோல் சட்டென்று படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது, கூடாரம் மாதிரி நின்றால் வற்றிவிட்டது. அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறு. “ஈறுதான் இவங்களோட முகம், கௌசல்யா. மீதி எல்லாம் மயிரு” என்பார். அவர் முடியைத்தான் சொன்னார். நான்தான் முதல் தடவை சிரித்துத் தொலைத்தேன்.

இதெல்லாம் முடிந்து, கை கழுவித் துடைத்த பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்புவார். அப்போதும் ‘என்ன சாப்பிட்டது’ என்று கேட்க மாட்டார். “நேத்து காலைல நீங்க எழுந்ததுலேருந்து சொல்லுங்க” என்பார். வந்தவர் காபியிலிருந்து ஆரம்பிப்பார். காபிக்குப் பால் காய்ச்சியபோது ஒரு மூடி பால், டிபனுக்கு உட்கார்ந்தபோது இட்லி விள்ளல், சாயங்காலம் டீயில் நனைத்த பிஸ்கட் என்று பூனையின் மெனு முழுவதும் மனிதரின் நாளிலிருந்து தானாக வெளியே வந்துவிடும்.

பாதிப் பேருக்குப் பதில் அந்தப் பாலிலேயே முடிந்துவிடும். தாயிடம் பால் குடிப்பது வேறு, மாட்டுப்பால் வேறு. நிறையக் குட்டிகளுக்கு மாட்டுப்பால் செரிக்காது. பாலை நிறுத்து, சுத்தமான தண்ணீர் எப்போதும் வை, குடல்புழு மருந்து கொடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊட்டு. இவ்வளவையும் நான் சேர்ந்த வேகத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். ‘பாலு குடுக்கக்கூடாதா? பூனைக்கா?’ என்று வாய் பிளப்பவர்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமே இருந்தது.

அடுத்த பாடம் பாகூரிலிருந்து வந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி, துணைக்கு மாமியார், சாம்பல் நிறக் குட்டி ஒன்று. மருமகளின் போனில் யார் யாரோ பூனைக்காரர்கள் வீடியோ போட்டபடி இருக்க, திங்கட்கிழமை ஒரு பாக்கெட், புதன்கிழமை இன்னொன்று, வெள்ளிக்கிழமை வேறொன்று என்று உணவை மாற்றியபடியே இருந்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல பாக்கெட்தான். குட்டிக்கோ வயிறு நிற்கவே இல்லை.

“சார், இதுல எது சார் பெஸ்ட்டு?” என்றார் கணவர், நாலு பாக்கெட்டையும் மேசைமேல் பரப்பி.

டாக்டர், ‘குட்டிகளுக்கு’ என்று அச்சிட்டிருந்த ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். “இது. இப்ப சாப்பிடறதுல மூணு பங்கு, இதுல ஒரு பங்கு கலந்து ஆரம்பிங்க. வெதுவெதுப்பான தண்ணில ஊறவெச்சிக் குடுங்க. வயிறு கட்டுச்சின்னா பாதிக்குப் பாதி. ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா இதுக்கு வந்துடலாம்.”

“அவ்ளோ நாளா?”

“உங்க சம்சாரம் உங்க வூட்டு சாம்பாருக்குப் பழகறதுக்கு எவ்ளோ நாளாச்சி?”

“இன்னும் பழகல சார்” என்றாள் அந்தப் பெண், பட்டென்று. மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கணவர் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். குட்டி சரியாகிவிட்டது. சாம்பார் விவரம் தெரியவில்லை.

இப்படியே இரண்டு வருடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக எனக்கொரு நினைப்பு. அப்போது வந்ததுதான் வெல்லம்.

பத்துக்கண்ணுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு ஊர். மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவ வீடுகள், அவற்றை ஒட்டியே விவசாயம் பார்க்கிற இந்து வீடுகள். அங்கிருந்து வந்தார் அந்தோணிராஜ். ‘சின்ன யானை’ என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஓட்டுபவர். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். மீசையைப் பார்த்தால் பொதுவாக யாரும் வாடகை பேரம் பேச மாட்டார்கள். அவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன.

சுத்துக்கேணி பக்கம் வண்டியில் கரும்பு ஏற்றும்போது குட்டி கட்டுக்கு நடுவில் கிடந்ததாம். தாய் எங்கே போனதோ தெரியவில்லை. அச்சுவெல்ல நிறம், உள்ளங்கை அளவு. அதனால் வெல்லம்.

“சும்மா வண்டியில கெடந்துச்சி. எலி புடிக்குமேன்னு வெச்சிருக்கன், அவ்ளோதான்” என்றார் அந்தோணிராஜ், நான் கேட்காமலே. வெல்லம் அவருடைய கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை அசைக்காமல், இன்னொரு கையாலேயே செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார்.

வயிறு போய்க்கொண்டிருந்தது. டாக்டர் தன் முறைப்படி எல்லாம் பார்த்தார். விஷயம் பால்தான். காலை, மதியம், ராத்திரி பால் சோறு. பாலை நிறுத்தச் சொன்னார், புழு மருந்து கொடுத்தார். பாக்கெட் உணவை வெல்லம் மோந்துகூடப் பார்க்கவில்லை. “அப்ப கொஞ்ச நாளைக்கி எலும்பு, தோலு இல்லாத கோழிய வேகவெச்சி, பிச்சிப் போடுங்க. உப்பு வேணாம், காரம் வேணாம். வயிறு கட்டட்டும். அப்பறம் குட்டிங்களுக்கான சாப்பாட்ட மெதுவா கலக்கலாம். வெறும் கோழியிலயே வளர முடியாது, ஆனா இப்பத்திக்கி அது போதும்” என்றார்.

அந்தோணிராஜ் ஒரு கணம் எதையோ யோசித்தார். பிறகு, “சரி டாக்டர்” என்று கிளம்பிவிட்டார். அவர் என்ன யோசித்தார் என்று நான் அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும்.

அடுத்த வாரம் வந்தபோது வெல்லம் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. உள்ளேயே சுருண்டிருந்தது. வயிறு இன்னமும் முழுசாக நிற்கவில்லை, விளையாட்டும் இல்லை. டாக்டர் உதட்டைத் தூக்கினார். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு வெளுத்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. பூனையிடம்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ரத்தம் கொறையுது. எங்க போவுதுன்னு பாக்கணும்” என்றார்.

தெள்ளுப்பூச்சி குட்டிகளின் ரத்தத்தையே உறிஞ்சிவிடும். சீப்பு போட்டு வாரினோம், ஒன்றுகூட இல்லை. புழு மீதியிருக்கலாம். “நாளைக்கி அதோட மலத்தக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, மைக்ராஸ்கோப்புல பாத்துடலாம்” என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அந்தோணிராஜ் ஒரு ஸ்வீட் பாக்ஸை மேசைமேல் வைத்தார். மஞ்சள் அட்டை, ரிப்பன்கூட அப்படியே இருந்தது. எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“குணமாயிடுச்சா அண்ணே? அதுக்குப் போயி ஸ்வீட்டெல்லாம் எதுக்கு…” என்று சொல்லிக்கொண்டே திறந்துவிட்டேன்.

“பாப்பா, பாப்பா, இரு! அது நீங்க கேட்டது!”

கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு கிளிகூடச் சிரித்தது. அந்தோணிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. “சுத்தமான டப்பாவுல கொண்டாரணும்ல, அதான்” என்றார், தரையைப் பார்த்தபடி. அவர் கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி முழுவதும் குட்டியை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவர் மனைவி ஸ்டெல்லா பிறகு சொன்னார்.

மைக்ராஸ்கோப்பில் புழு இல்லை, முட்டை இல்லை.

“டாக்டர், பொழச்சிக்குமா?” என்றார் அந்தோணிராஜ்.

“ரத்தம் எதனால கொறையுதுன்னு தெரிஞ்சா பொழச்சிக்கும். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் கொறைஞ்சிட்டே போனா இந்த ஒடம்பு தாங்காது.” டாக்டர் எதையும் மழுப்ப மாட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “நேத்து காலைல எழுந்ததுலேருந்து சொல்லுங்க.”

அந்தோணிராஜ் சொன்னார். எழுந்தார், வண்டியைத் துடைத்தார், கோயிலுக்குப் போனார். வந்து வெல்லத்துக்குக் கோழி பிய்த்துப் போட்டார். பிறகு அவர் கஞ்சி குடித்தார்.

“கஞ்சிக்கு இன்னா தொட்டுக்கிட்டீங்க?”

“ஊறுகா. தவக்காலம்ல டாக்டர். சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்க வூட்டு அடுப்புல கவிச்சியே ஏத்த மாட்டா எங்க வூட்டம்மா. முட்டகூடக் கெடையாது.”

டாக்டர் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப கோழி எந்த அடுப்புல வேவுது?”

“பக்கத்து வூட்ல, தனலட்சுமியக்கா வூட்ல. நெலம் நீச்சு உள்ளவங்க, அவங்களுக்குத் தவக்காலமெல்லாம் ஒண்ணும் இல்ல. அக்காவே, ‘நீ கவலப்படாத ராஜி, ஒன் குட்டி எங்குட்டி மாரி’ன்னுட்டு டெய்லி வேகவெச்சி டிபன் பாக்ஸ்ல குடுத்துடுது. உப்பு, காரம் சுத்தமா இல்ல டாக்டர், நானே வாயில வெச்சிப் பாத்தன்.” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதாவது… நாக்குல லேசா. மெல்லல. எங்க வூட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

அவர் போன பிறகு நான் குதித்தேன். “சார், போன் நம்பர் வாங்கி அந்தம்மாவ நானே கேக்கறன் சார். இன்னா போட்டீங்கன்னு ஒரு வார்த்த.”

“கேட்டா ‘ஒண்ணுமே போடல’ன்னுதான் சொல்லுவாங்க. பொய் சொல்ல மாட்டாங்க. தெனம் போடறது யாருக்கும் ஞாபகத்துல நிக்காது, கௌசல்யா. நீ நேர்ல போ. கோழி வேகறத மொதல்லேருந்து கடைசி வரைக்கும் பாரு. ஒண்ணே ஒண்ணு.” விரலை உயர்த்தினார். “எறக்கி வெக்கற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது.”

“நானா சார்?”

“அதான் எனக்கும் கவலையா இருக்கு.”

மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தனலட்சுமியக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். வாசலில் நெல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்களை அதட்டிக்கொண்டே என்னை உள்ளே இழுத்தார்.

“ஆஸ்பத்திரிலேருந்து வந்த பொண்ணா? வா வா. கோழி வேகறதப் பாக்க ஒரு ஆபீசரா! எங்க கொழுந்தன் கல்யாணத்துல நூறு கோழி வேகவெச்சன், ஒரு நாதியும் வந்து பாக்கல.” ஸ்டெல்லாவும் கூட வந்து, சமையல்கட்டு வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கவிச்சி வாடை மேலே படாமலிருக்க முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

“நீ இன்னாடி, கோழி வந்து ஒன் வாயில பூந்துடுமா?”

“சும்மா இரு அக்கா. ஆசையா இருக்குது, அதான் மூடிக்கினு நிக்கறன்.”

நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கோழியைக் கழுவினார். எலும்பு நீக்கினார், தோல் நீக்கினார். அருமை. சின்னக் குண்டான் வைத்தார், எண்ணெய் இல்லை. இன்னும் அருமை. உப்பு ஜாடியைத் தள்ளி வைத்தார். மிளகு டப்பாவை எனக்குத் தூக்கிக் காட்டி, மூடி, பரண்மேல் வைத்தார். அப்புறம் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. அப்புறம் சின்ன வெங்காயம் ஒரு பிடி எடுத்து அம்மியில் வைத்து ஒரு தட்டு. குண்டானுக்குள் போட்டார்.

எனக்கு ‘வேண்டாம்’ என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

அப்புறம் பூண்டு. ஒரு பல்லில்லை, இரண்டு பல்லில்லை. ஒரு முழுப் பூண்டை உரித்து, நசுக்கி, வழித்துப் போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்:

“புள்ள பெத்தவளுக்கு வெச்சிக் குடுக்கற பக்குவம் இது. வயித்துக்குப் பூண்ட மிஞ்சி ஒண்ணும் கெடையாது. மொத நாளு நாலு பல்லுதான் போட்டன். ராஜி வந்து ‘இன்னும் வயிறு நிக்கலக்கா’ன்னான். சரின்னு எட்டு போட்டன். நேத்து ‘துவண்டு கெடக்குதுக்கா’ன்னு அழுவாத கொறையா நின்னான். பாவம், அதான் இன்னிக்கி முழுசா போட்டுட்டன்.”

வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். மனிதருக்கு மருந்து, பூனைக்கு விஷம். பல்லை எடுத்துவிட்டுக் கறியை மட்டும் கொடுத்தாலும் சாறு கறியில் இறங்கியிருக்கும். குட்டிக்கு முடியவில்லை என்று தெரியத் தெரிய, அந்த அம்மாள் அன்பை இரண்டு மடங்காக்கி ஊட்டியிருக்கிறார், அன்றைக்கு நாலு மடங்காக்கவும் இருந்தார். உப்பும் காரமும் இல்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னது சத்தியமான உண்மை. நம் ஊர்ச் சமையல்கட்டில் வெங்காயம் பூண்டை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? அது கோழியோடு பிறந்தது மாதிரிதானே!

குண்டானை இறக்கி வைத்ததும் கொல்லைப் பக்கம் ஓடி டாக்டருக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

“நல்லது. இப்ப நீ பேசலாம். ஆனா அவங்க பண்ணது தப்புன்னு ஒரு வார்த்த வரக்கூடாது. உப்பு, காரம்னு சொன்னது நானு. வெங்காயம், பூண்டுன்னு சொல்லாததும் நானு. அப்படியே சொல்லு.”

அப்படியே சொன்னேன். தனலட்சுமியக்காவின் கையிலிருந்த கரண்டி குண்டானுக்குள் விழுந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். வாசலை அதட்டிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அய்யோ. எங்கையாலயேவா?” என்றார். “ராஜி மூஞ்சில நா எப்படி முழிப்பன்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை விட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்கூட்ல வேகவெச்சிருந்தா நா மட்டும் போடாமலா இருந்திருப்பன்? நீ நாலு பல்லு போட்ட, நா மொதல்லயே ஒரு பூண்டு போட்டிருப்பன். எழுந்திரு அக்கா. இன்னொரு கோழி வாங்கியாரச் சொல்லு.”

தனலட்சுமியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குண்டானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்ப இது?”

“இது நமக்கு நல்லதுதான் அக்கா” என்றேன்.

பரணிலிருந்து மிளகு டப்பா இறங்கியது, உப்பு ஜாடி திரும்பி வந்தது. அந்தக் காலை வேளையில் ஒரு முழுப் பூண்டு போட்ட கோழிச்சாற்றைக் கிண்ணம் நிறையக் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன். ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, “எப்படி இருக்குது?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கோழியை மூன்று பேருமாகச் சேர்ந்து வேகவைத்தோம். கோழி, தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. தனலட்சுமியக்காவின் கை இரண்டு தடவை மஞ்சள் டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. மூன்றாம் தடவை ஸ்டெல்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இறக்கி வைத்ததும் அக்கா எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

“இன்னாடி இது, பாத்திரம் கழுவுன தண்ணி மாரி இருக்குது. இத நா செஞ்சன்னு வெளிய சொல்லிடாத, எம்மானம் போயிடும்.”

வெல்லம் அன்றைக்கு மூன்றே துணுக்குதான் தின்றது. டாக்டர் சத்து மருந்து கொடுத்து, தினமும் ஈறைப் பார்க்கச் சொன்னார். அந்தோணிராஜ் காலையில் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போட்டோ என்று என் போனை ஈறுகளால் நிரப்பினார். என் அண்ணன் ஒருநாள் தெரியாமல் என் போனைத் திறந்துவிட்டு, “இன்னா வேலடி பாக்கற நீ?” என்றான். வெளுப்பு, வெளுப்பு, அதே வெளுப்பு. கெட்ட ரத்தம் போய்ப் புது ரத்தம் ஊறுவதற்கு அதற்கான நாள் ஆகத்தான் வேண்டும், அதுவரை குட்டி தாங்க வேண்டும். நான் கிளினிக்கில் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. டாக்டர் மட்டும், “சாப்பிடுதில்ல? அது போதும்” என்றார்.

ஒருநாள் போட்டோவில் ஈறு தெரியவில்லை. கலங்கலாக ஒரு பல் மட்டும் தெரிந்தது. கீழே அந்தோணிராஜின் குரல் பதிவு: “பாப்பா, ஒதட்டத் தூக்கவே வுட மாட்டேங்குது! கடிக்குது பாப்பா! நல்லாக் கடிக்குது!” பூனைக்கடியைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று மாலையே வெல்லத்தை மேசைமேல் பார்த்தோம். ஈறு ரோஜா நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே, “வாங்க. எந்த ஊரு?” என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வயிறும் கட்டியது. ஊறவைத்த குட்டி உணவை ஒரு பங்கு, பிறகு பாதி என்று கலந்து, ஈஸ்டர் நெருங்கும்போது வெல்லம் முக்கால்வாசி பாக்கெட்டுக்கு மாறிவிட்டது. ஈஸ்டர் அன்று காலை பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்குத் தனலட்சுமியக்கா இரண்டு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார். பெரியதில் பிரியாணி. சின்னதில் வெல்லத்துக்குக் கோழி. அந்தோணிராஜுக்குப் பொறுமை இல்லை. வேட்டி மாற்றுவதற்கு முன்பே, கைக்கு முதலில் அகப்பட்ட பாக்ஸைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் போட்டுவிட்டார்.

“நாப்பது நாளு காத்துக் கெடந்து மொத வாயி பூனச் சாப்பாடு பாப்பா!” என்று போனில் அலறினார். பின்னால் ஸ்டெல்லாவின் சிரிப்பும், வெல்லத்தின் உரிமைக் குரலும் கேட்டன.

ஆகவே நித்யா, உன் கேள்விக்கு என் பதில்: பால் வேண்டாம், புழு மருந்து, தண்ணீர், சின்னச் சின்ன வேளைகள், குட்டிகளுக்கான உணவு, மெதுவாகக் கலந்து, இடைக்காலத்துக்கு வெறும் கோழி. ‘வெறும்’ என்றால் வெங்காயம், பூண்டு, மஞ்சள் ஒன்றுமே இல்லாத வெறும். ஈறு வெளுத்தால் ஒருநாளும் காத்திருக்கச் சொல்லாதே. இவ்வளவையும் சொல்லிவிட்டு, சமைப்பது யார் என்று கேள். கொண்டுவருபவரும் சமைப்பவரும் ஒரே ஆள் இல்லை என்றால், ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொள். டாக்டர் அனுப்புவார். வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்தான், பழகிவிடும்.

என் பணி ஓய்வு விழாவுக்கு அந்தோணிராஜ் குடும்பமும் வந்திருந்தது. சட்டைப் பையில் நுழையாத அளவுக்குப் பெருத்துவிட்ட வெல்லம் அவர் தோளில் உட்கார்ந்து வந்தது. தனலட்சுமியக்கா எனக்கென்று ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தார். அந்தக் காலைக்குப் பிறகு அவர் யாருக்கு எதைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறார். ஊரே அவரைக் கேலி செய்கிறது, அவர் விடுவதாயில்லை.

“வெங்காயம் போட்டிருக்கன். பூண்டு போட்டிருக்கன், ரெண்டு முழுசு. மஞ்சா, மொளகு, உப்பு, காரம், இஞ்சி, பட்ட, லவங்கம், எல்லாம் போட்டிருக்கன்” என்று சத்தமாகச் சொல்லி, பாக்ஸை என் கையில் திணித்தார். பிறகு சந்தேகத்தோடு தோள்மேலிருந்த வெல்லத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

“அது பாக்காத எடமாப் போயி சாப்புடு.”